ஒரே டிவிஷன், இரு வகைப் பள்ளிகள்: ஒஹாயோவின் ஒரு சிற்றூர் வாலிபால் அணி குறித்த நிகழ்வு ஆய்வு

ஆய்வின் வரம்பு

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சிற்றூரின் அரசு உயர்நிலைப் பள்ளி, அதே டிவிஷனில் இருந்த ஒரு கத்தோலிக்கத் தனியார் பள்ளியிடம் பெண்கள் வாலிபால் தொடரில் மீண்டும் மீண்டும் தோற்றதால் எழுந்த பிரச்சினையும், அதைக் கல்வி மாவட்டம் கையாண்ட விதமும் இங்கே பதிவு செய்யப்படுகின்றன. 2013 முதல் 2019 வரையிலான காலம் இது. பள்ளிகள், ஊர்கள், மனிதர்கள் எவருடைய பெயரும் தரப்படவில்லை. கல்வி மாவட்டம் அமைத்த உண்மையறியும் குழுவில் பெற்றோர் சார்பில் நான் இடம்பெற்றிருந்தேன். குழுவின் பதிவுகளையும் ஆட்டக் குறிப்புகளையும் கொண்டே இது எழுதப்படுகிறது.

பின்னணி

ஒஹாயோவில் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளை நடத்துவது 1907-இல் தொடங்கப்பட்ட ஒஹாயோ உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கம். எண்ணூறுக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகள் அதில் உறுப்பினர்கள். பெரும்பாலானவை அரசுப் பள்ளிகள், மற்றவை தனியார் பள்ளிகள். மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு பள்ளிகள் டிவிஷன்களாகப் பிரிக்கப்படுகின்றன. இறுதிச் சுற்றுத் தொடரில் ஒரே டிவிஷனைச் சேர்ந்த அரசுப் பள்ளியும் தனியார் பள்ளியும் எதிரெதிரே நிற்கின்றன. அந்நாளில் பெண்கள் வாலிபாலுக்கு நான்கு டிவிஷன்கள் இருந்தன. செக்ஷனல், டிஸ்டிரிக்ட், ரீஜனல் என்று மூன்று கட்டங்களைக் கடந்த அணிதான் மாநிலச் சுற்றுக்குப் போக முடியும்.

இந்த ஏற்பாட்டின் மீதான குறை பழையது. அரசுப் பள்ளி தன் கல்வி மாவட்டத்தின் எல்லைக்குள் வசிக்கும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறது. தனியார் பள்ளிக்கு அத்தகைய எல்லை கிடையாது. இருநூறு மாணவியர் என்ற எண்ணிக்கை இரண்டு பள்ளிகளுக்கும் ஒன்றாக இருந்தாலும், ஒன்றுக்கு அது ஓர் ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் தொகை, மற்றொன்றுக்குப் பல ஊர்களிலிருந்து விரும்பி வந்தவர்களின் தொகை. தனியார் பள்ளிகள் தங்கள் எண்ணிக்கைக்கு மிகுதியாகக் கோப்பைகளை வெல்வதை எவரும் மறுத்ததில்லை. அரசு, தனியார் பள்ளிகளுக்குத் தனித்தனித் தொடர் வேண்டும் என்ற தீர்மானம் 1978-லும் 1993-லும் உறுப்புப் பள்ளிகளின் வாக்கெடுப்பில் தோற்றது. 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பிரிவினைக்குப் பதிலாகப் போட்டிச் சமநிலைத் திட்டம் என்ற பெயரில் வெவ்வேறு வடிவங்கள் வாக்கெடுப்புக்கு வந்து, ஒவ்வொரு முறையும் சிறிய வித்தியாசத்தில் தோற்றன. 2011-இல் வந்த வடிவம், பள்ளியின் எல்லை, மாணவர்களின் பொருளாதார நிலை, அணியின் கடந்தகால வெற்றி ஆகிய மூன்றையும் கொண்டு மாணவர் எண்ணிக்கையைக் கூட்டவும் குறைக்கவும் முயன்றது. கருத்தளவில் அதுவே மிக முழுமையானது என்பது என் எண்ணம். ஆனால் வாக்களிக்க வேண்டிய பள்ளி முதல்வர்கள் பலருக்கே அதன் கணக்கு விளங்கவில்லை.

மற்ற மாநிலங்கள் வெவ்வேறு வழிகளில் சென்றிருந்தன. இல்லினாய் மாநிலம், வரையறுத்த எல்லை இல்லாத பள்ளிகளின் எண்ணிக்கையை 1.65-ஆல் பெருக்கியது. இண்டியானா 2012-இல் பெருக்கெண்ணை விடுத்து வெற்றிக் காரணியை ஏற்றது: அரசோ தனியாரோ, ஓர் அணி இரண்டு ஆண்டுகளில் இறுதிச் சுற்றுத் தொடரில் பெறும் வெற்றிகளால் குறிப்பிட்ட புள்ளிகளை எட்டினால், அந்த விளையாட்டில் மட்டும் அது ஒரு படி மேலே போக வேண்டும். நியூ ஜெர்சியில் தனியார் பள்ளிகளுக்குத் தனிப் பிரிவுகள் உண்டு. டெக்சாஸில் அரசுப் பள்ளிகளின் அமைப்பு வேறு, பெரும்பாலான தனியார் பள்ளிகளின் அமைப்பு வேறு. டென்னசி 1997-இல், விளையாட்டு வீரர்களுக்குக் கட்டண உதவி தரும் தனியார் பள்ளிகளைத் தனி டிவிஷனாகப் பிரித்தது.

நம் நிகழ்வின் அரசுப் பள்ளியில் 9 முதல் 11 வரையான வகுப்புகளில் சுமார் 160 மாணவியர் இருந்தனர். தனியார் பள்ளியில் அதைவிடச் சற்றுக் குறைவு. இரண்டும் மூன்றாம் டிவிஷன். அரசுப் பள்ளி இருந்த ஊரில் ஒரு தொழிற்சாலை மூடப்பட்டு மக்கள்தொகை குறைந்துகொண்டிருந்தது. தனியார் பள்ளி அரை மணி நேரத் தொலைவில், சற்றுப் பெரிய நகரில் இருந்தது.

2013 இலையுதிர்காலம்: புகார் எழுந்த விதம்

2013 அக்டோபரில் டிஸ்டிரிக்ட் இறுதி ஆட்டத்தில் அரசுப் பள்ளி அணி மூன்று நேர் செட்களில் தோற்றது. ஐந்து ஆண்டுகளில் இறுதிச் சுற்றுத் தொடரில் அதே பள்ளியிடம் அடைந்த மூன்றாவது தோல்வி அது. பள்ளி விளையாட்டுகளுக்கு நிதி திரட்டும் பெற்றோர், ஆதரவாளர் அமைப்பான பூஸ்டர் கிளப் அடுத்த வாரம் நடத்திய கூட்டத்தில், வாலிபாலைப் பற்றிப் பேச வந்தவர்களைவிடத் தனியார் பள்ளியைப் பற்றிப் பேச வந்தவர்களே அதிகம். மூன்று கோரிக்கைகள் எழுந்தன. தனியார் பள்ளி ஆள்பிடிக்கிறது என்று சங்கத்திடம் முறையாகப் புகார் தர வேண்டும். தனித்தனித் தொடருக்காகக் கல்வி மாவட்டம் குரல்கொடுக்க வேண்டும். அதுவரை அந்தப் பள்ளியுடன் வழக்கமான பருவத்தில் ஆடும் ஆட்டத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஆள்பிடிப்புக் குற்றச்சாட்டுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது ஒரு பெண்ணின் கதை. எட்டாம் வகுப்புவரை நம் ஊர் நடுநிலைப் பள்ளியில் படித்து, ஒன்பதாம் வகுப்புக்குத் தனியார் பள்ளிக்குப் போனவர். இரண்டே ஆண்டுகளில் அந்த அணியின் முக்கிய ஸ்மாஷர் ஆனவர். கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொண்டார்கள், பயிற்சியாளர் வீட்டுக்கே வந்து அழைத்தார் என்றெல்லாம் கூட்டத்தில் பேசப்பட்டது. அந்தப் பெண்ணின் பெயர் வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. அப்போது அவருக்கு வயது பதினாறு.

கல்வி மாவட்டக் கண்காணிப்பாளர் அன்றே எந்த உறுதியும் தரவில்லை. விளையாட்டு இயக்குநர், பெண்கள் அணிப் பயிற்சியாளர், ஒரு பள்ளி வாரிய உறுப்பினர், இரண்டு பெற்றோர் ஆகியோரைக் கொண்ட குழுவை அமைத்து, வசந்தகாலத்துக்குள் எழுத்துபூர்வ அறிக்கை தரச் சொன்னார். உறுப்புப் பள்ளிகளின் வாக்கெடுப்பு மே மாதத்தில் நடக்கும் என்பதால் அந்தக் காலவரம்பு அவசியமாயிற்று.

குழு கண்டவை

முதலில் ஆள்பிடிப்பு. விளையாட்டுக்காக மாணவரைத் தன் பள்ளிக்கு இழுப்பதைச் சங்க விதிகள் தடுக்கின்றன. ஆனால் பள்ளியின் பொதுவான சேர்க்கை விளம்பரத்தை அவை தடுப்பதில்லை. இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதற்கு நாடறிந்த வழக்கு ஒன்று உண்டு. டென்னசியில் பிரெண்ட்வுட் அகாடமி என்ற தனியார் பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சியாளர், அடுத்த ஆண்டு அங்கே சேரவிருந்த எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு, வசந்தகாலப் பயிற்சிக்கு வரலாம் என்று கடிதம் அனுப்பினார். கையெழுத்திட்ட இடத்தில் ‘உங்கள் பயிற்சியாளர்’ என்று இருந்தது. மாநிலச் சங்கம் 3,000 டாலர் அபராதமும், அமெரிக்கன் ஃபுட்பால், ஆண்கள் கூடைப்பந்து அணிகளுக்கு இரண்டு ஆண்டுகள் இறுதிச் சுற்றுத் தடையும் விதித்தது. உச்ச நீதிமன்றம் 2001-இல், இத்தகைய சங்கம் அரசின் அங்கமாகச் செயல்படுவதால் அரசமைப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்றும், 2007-இல், ஆள்பிடிப்பைத் தடுக்கும் விதி பேச்சுரிமையை மீறவில்லை என்றும் தீர்ப்பளித்தது. விதிக்கு வலிமை உண்டு என்பது இதனால் தெளிவு. அதே அளவுக்கு, பயிற்சியாளரின் கடிதம் போன்ற கைக்குக் கிடைக்கும் சான்று தேவை என்பதும் தெளிவு.

நம்மிடம் அப்படி எதுவும் இல்லை. குழுவிடம் வந்து சேர்ந்த ஒரே ஆவணம், குடும்பங்கள் வந்து பள்ளியைச் சுற்றிப் பார்க்கும் நாளுக்காகத் தனியார் பள்ளி அனுப்பிய அழைப்பு அட்டை. அது சுற்றுவட்டார எட்டாம் வகுப்புக் குடும்பங்களுக்குப் பொதுவாக அனுப்பப்பட்டது. வாலிபால் என்ற சொல்லே அதில் இல்லை. பெயர் அடிபட்ட பெண்ணின் தாயாரை விளையாட்டு இயக்குநர் நேரில் சந்தித்தார். அந்தக் குடும்பம் தலைமுறையாக அந்தப் பள்ளியைச் சார்ந்த தேவாலயப் பங்கைச் சேர்ந்தது. அந்தப் பெண்ணின் அண்ணன் ஏற்கெனவே அங்கே படித்தவர். கட்டணச் சலுகை கிடைத்தது உண்மைதான், ஆனால் வருமான அடிப்படையில் எல்லாருக்கும் தரப்படும் சலுகை அது. “எங்கள் பிள்ளையை யாரும் கூப்பிடவில்லை, நாங்கள்தான் போனோம்” என்று அந்தத் தாய் சொன்னதைப் பொய்யென்று கொள்ள எந்தக் காரணமும் இல்லை.

இரண்டாவது, பட்டியல். தனியார் பள்ளியின் விளையாட்டு இயக்குநர், கேட்டவுடன் தன் அணியின் விவரத்தைத் தந்தார். பதினான்கு வீராங்கனைகள் ஏழு கல்வி மாவட்டங்களில் வசித்தனர். நம் அணியில் இரண்டு பேரைத் தவிர எல்லாரும் ஒரே மாவட்டம். இந்த ஒப்பீடு மட்டும் வெளியே போயிருந்தால் பூஸ்டர் கிளப் கூட்டத்தின் கோபம் முழுவதும் நியாயமானதாகத் தோன்றியிருக்கும். ஆனால் அந்தப் பதினான்கு பேரில் ஒன்பது பேர் முதல் வகுப்பிலிருந்தே கத்தோலிக்கப் பள்ளிகளில் படித்தவர்கள். உயர்நிலைப் பள்ளியில் புதிதாக வந்தவர்கள் இருவரே. வாலிபாலுக்காகத் திரட்டப்பட்ட அணி என்று இதைச் சொல்ல முடியாது. பெற்றோர்கள் ஏழு வயதிலேயே தேர்ந்தெடுத்த பள்ளி அது. வருடாந்தரக் கட்டணம் செலுத்தவும், தினமும் காரில் கொண்டுபோய் விடவும் வசதியுள்ள குடும்பங்களே பெரும்பாலும் அதைத் தேர்ந்தெடுக்க முடிந்தது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

மூன்றாவது, ஆட்டம். குழுவில் இருந்த எங்களில் சிலர் 2013 இறுதி ஆட்டத்தின் காணொளியைப் பயிற்சியாளருடன் உட்கார்ந்து, புள்ளி புள்ளியாகப் பார்த்தோம். உயரத்திலோ ஸ்மாஷின் வேகத்திலோ பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு முழுவதும் முதல் பந்தில் இருந்தது. நம் சர்வீஸை அவர்கள் ரிசீவ் செய்தபோது, பந்து பெரும்பாலும் வலைக்கருகே நின்ற செட்டரின் கைக்கே போய்ச் சேர்ந்தது. அவர் நின்ற இடத்திலிருந்தே முன்னும் பின்னும் நடுவிலும் மூன்று பேரில் யாருக்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொடுக்க முடிந்தது, நம் பிளாக்கர்கள் யாரை மறிப்பதென்று தெரியாமல் தாமதித்தனர். நம் பக்கம் வந்த சர்வீஸோ முன்கையில் பட்டு மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னால் எழும்பியது. நம் செட்டர் ஓடிப்போய் எடுத்து, இடது மூலைக்கு உயரமாகத் தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த மூலையில் அவர்களின் இரண்டு பிளாக்கர்கள் முன்பே வந்து நின்றிருந்தனர். மூன்று செட்களும் இப்படியே போயின.

முதல் பந்தை எடுக்கும் இந்தத் தேர்ச்சி பள்ளிப் பருவத்தின் இரண்டரை மாதத்தில் வருவதில்லை. அவர்களின் முதல் அறுவரும் டிசம்பர் முதல் வசந்தகாலம் வரை, பள்ளிக்கு வெளியே இயங்கும் கிளப் அணிகளில் ஆடியவர்கள், சிலர் ஐந்தாம் வகுப்பிலிருந்தே. நம் அணியில் கிளப் ஆடியவர்கள் இருவர். கிளப்புக்கு ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். அருகில் இருந்த கிளப்புக்கே போய்வர இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. இரவுப் பணிக்குப் போகும் பெற்றோரால் அது இயலாத காரியம்.

நான்காவது, யாரிடம் தோற்றோம் என்ற பட்டியல். எட்டு ஆண்டுகளின் தொடர் வெளியேற்றங்களை எடுத்துப் பார்த்தபோது, ஐந்து தனியார் பள்ளிகளிடம், மூன்று அரசுப் பள்ளிகளிடம். அந்த மூன்றில் இரண்டு ஒரே பள்ளியிடம்: சிறிய, வசதி மிக்க ஒரு புறநகரின் அரசுப் பள்ளி. அந்த அணியிலும் கிளப் வீராங்கனைகளே நிறைந்திருந்தனர். அந்தத் தோல்விகளுக்குப் பிறகு எந்தக் கூட்டமும் கூட்டப்படவில்லை.

ஐந்தாவது, நம் வீடு. ஒஹாயோவில் பள்ளி நிதி பெருமளவு உள்ளூர்ச் சொத்து வரியைச் சார்ந்தது. அந்தச் சார்பு அளவு மீறியது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1997-இல் டிரோல்ஃப் வழக்கில் தீர்ப்பளித்தும் அடிப்படை மாறவில்லை. நம் மாவட்டத்தில் சொத்து வரித் தீர்மானம் இருமுறை வாக்கெடுப்பில் தோற்ற பின், ஒவ்வொரு விளையாட்டுக்கும் மாணவர் தனிக் கட்டணம் கட்ட வேண்டும் என்ற விதி வந்தது. ஏழாம், எட்டாம் வகுப்பு அணிகள் இரண்டுக்கும் ஒரே பயிற்சியாளர் என்றாயிற்று. அதற்கு முன் ஏழாம் வகுப்புத் தேர்வுக்கு முப்பது பேருக்கு மேல் வந்துகொண்டிருந்தனர். 2013-இல் வந்தவர்கள் பதினேழு பேர். இந்த எண்ணை விளையாட்டு இயக்குநர் பலகையில் எழுதியபோது அறையில் இருந்த எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. தனியார் பள்ளி நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டவர் ஐந்து ஆண்டுகளில் ஒருவர். கட்டணம் எடுத்துக்கொண்டவர் ஒரே ஆண்டில் பதின்மருக்கு மேல்.

முடிவுகளும் காரணங்களும்

ஆள்பிடிப்புப் புகார் தர வேண்டாம் என்று குழு ஒருமனதாக முடிவெடுத்தது. சான்று இல்லாத புகார் தள்ளுபடியாகும் என்பது மட்டுமல்ல காரணம். விசாரணை என்று வந்தால் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்தப் பதினாறு வயதுப் பெண்ணாக இருந்திருப்பார்.

தனித்தனித் தொடர் குறித்த விவாதம் நீண்டது, ஒருமனதாகவும் முடியவில்லை. பள்ளி வாரிய உறுப்பினரின் வாதத்தை இங்கே முழுமையாகச் சொல்வது நியாயம். வாசலுக்கு வரும் எந்தப் பிள்ளையையும் அரசுப் பள்ளி திருப்பி அனுப்ப முடியாது. மாற்றுத்திறன் உள்ளவர், ஆங்கிலம் தெரியாமல் வந்தவர், பாதி ஆண்டில் இடம்பெயர்ந்து வந்தவர் எல்லாரும் அந்த 160 என்ற எண்ணுக்குள் இருக்கிறார்கள். தனியார் பள்ளியின் எண்ணுக்குள் இருப்பவர்கள் தேர்ந்து வந்தவர்கள், தேர்ந்து எடுக்கப்பட்டவர்கள். அதனால் அந்த எண்ணிலிருந்து ஆட வரக்கூடியவர்களின் விகிதமே வேறு, எந்தப் பெருக்கெண்ணும் இதைச் சரிசெய்யாது என்றார் அவர். இந்த வாதத்துக்கு முழுமையான மறுப்பு குழுவிடம் இல்லை. இன்றும் அது வலுவானது என்றே கருதுகிறேன்.

ஆயினும் பெரும்பான்மை பிரிவினையை ஏற்கவில்லை. ஒன்று, அந்தப் பகுதியிலேயே ஆண்டுக்கு ஓர் ஆட்டம்கூட வெல்லாத சிறிய தனியார் பள்ளிகள் இரண்டு இருந்தன. பிரிவினை அவற்றை மாநிலத்தின் மிகப் பெரிய தனியார் பள்ளிகளுடன் சிறிய தொடர் ஒன்றில் அடைத்துவிடும். இரண்டு, நம் தோல்விகளில் கணிசமானவை வசதியான அரசுப் பள்ளியிடம். பிரிவினைக்குப் பிறகும் அவை தொடரும். மூன்றாவது காரணம் மாணவியரிடமிருந்து வந்தது. கடைசி வருட வீராங்கனைகள் மூவரை அழைத்துக் கேட்டபோது, தனியார் பள்ளிகள் இல்லாத தொடரில் கோப்பை வாங்கினால் அதை வைத்து என்ன செய்வது என்று அணித் தலைவி கேட்டார். அந்தத் தனியார் பள்ளியுடன் பருவத்தில் ஆடும் ஆட்டத்தை நிறுத்தக் கூடாது என்பதையும் அவரே வலியுறுத்தினார். பருவத்தில் தங்கள் குறை எதுவென்று தெரிவது அந்த ஓர் ஆட்டத்தில்தான் என்பது அவர் சொன்ன காரணம். பெரியவர்கள் அதுவரை மாணவியரைக் கேட்காமலேயே அவர்கள் சார்பில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எனவே 2014 மே வாக்கெடுப்பில் போட்டிச் சமநிலைத் திட்டத்துக்கு ஆதரவாக வாக்களிக்கும்படி பள்ளி முதல்வருக்குக் குழு பரிந்துரைத்தது. அந்த வடிவம் பள்ளியின் பெயர்ப்பலகையைப் பார்ப்பதில்லை, ஒவ்வோர் அணியின் பட்டியலைப் பார்க்கிறது. ஏழாம் வகுப்புத் தொடக்கத்திலிருந்து அதே கல்வி அமைப்பில் தொடர்ந்து படித்தவருக்குக் கூடுதல் இல்லை அல்லது மிகச் சிறிய கூடுதல். பின்னர் வந்து சேர்ந்தவர் ஒருவர், விளையாட்டுக்கேற்ற பெருக்கெண்ணால் பல மாணவராகக் கணக்கிடப்படுவார். வீரர்கள் மிகுந்த அமெரிக்கன் ஃபுட்பாலுக்குச் சிறிய பெருக்கெண், சில பேரே ஆட்டத்தைத் தீர்மானிக்கும் மற்ற விளையாட்டுகளுக்குப் பெரியது. எல்லை கடந்து சேரும் மாணவரைக் கொண்ட அரசுப் பள்ளிக்கும் இதே கணக்கு. குறைபாடு உண்டு என்று தெரிந்தே இதைப் பரிந்துரைத்தோம்: நம்மை வென்ற அணிக்கு இந்தக் கணக்கில் பெரிதாக எதுவும் கூடாது என்பதை, கையிலிருந்த பட்டியலே காட்டியது. அறிக்கையில் அது ஒரு வரியாக எழுதப்பட்டது. கூட்டத்தில் உரக்கச் சொல்லப்படவில்லை.

உள்ளூரில் மூன்று நடவடிக்கைகள் எடுக்கப்பட்டன. ஏழாம், எட்டாம் வகுப்புக்கான விளையாட்டுக் கட்டணம் நீக்கப்பட்டு, அந்தத் தொகையைப் பூஸ்டர் கிளப் ஏற்றது. நடுநிலைப் பள்ளிக்கு இரண்டாவது பயிற்சியாளர் நியமிக்கப்பட்டார். குளிர்காலத்தில் ஞாயிறு பிற்பகல்களில் உடற்பயிற்சிக் கூடம் கட்டணமின்றித் திறந்துவைக்கப்பட்டது. கிளப் பணத்துக்கு ஈடான பணம் நம்மிடம் இல்லை. பந்து தொடும் மணிநேரங்களையாவது தர முடியும் என்பது பயிற்சியாளரின் கணக்கு. அந்த மணிநேரங்களில் முதல் ஆண்டு முழுவதும் ரிசீவைத் தவிர வேறெதையும் அவர் சொல்லிக்கொடுக்கவில்லை.

2014 முதல் 2019 வரை

2014 மே மாதம் திட்டம் நிறைவேறியது. ஆனால் நடைமுறைக்கு வந்தது 2017-18 கல்வியாண்டில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் தொடரில் எதுவும் மாறவில்லை. 2014-லும் 2015-லும் அதே பள்ளியிடம் தோற்றோம். குழுவின் அறிக்கை நேரத்தை வீணாக்கியது என்ற பேச்சு திரும்பவும் எழுந்தது. பருவ ஆட்டம் மட்டும் தொடர்ந்தது.

2017-இல் புதிய கணக்கின்படி டிவிஷன்கள் வெளியானபோது ஊரில் பலருக்கு அதிர்ச்சி. நகரில் இருந்த வேறொரு தனியார் பள்ளி ஒரு படி மேலே போயிற்று. நம்மைத் தோற்கடித்துவந்த பள்ளி மூன்றாம் டிவிஷனிலேயே இருந்தது. அதற்கு மேல், நம் அணியிலிருந்த, பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்த இரண்டு மாணவியரால் நம் எண்ணிக்கை கூடி, இரண்டாம் டிவிஷன் எல்லையை நெருங்கிவிட்டது. அந்த இருவரில் ஒருவர் தாத்தா பாட்டியுடன் வசிக்க வந்தவர். அவரை அணியில் வைத்துக்கொள்வது நமக்குப் பாதகமா என்று ஒரு பெற்றோர் விளையாட்டு இயக்குநரிடம் கேட்டார். அவர் அந்தக் கேள்விக்கு மறுநாளே எழுத்தில் பதிலளித்தார்: எந்த மாணவியின் இடமும் டிவிஷன் கணக்கைக் கொண்டு முடிவு செய்யப்படாது. இந்த முழு நிகழ்விலும் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிகச் சரியானது இது என்று நான் நினைக்கிறேன், ஏனெனில் பட்டியல் அடிப்படையிலான எந்தக் கணக்கும் இந்தக் கேள்வியை ஏதோ ஒரு பள்ளியில் எழுப்பியே தீரும்.

உள்ளூர் நடவடிக்கைகளின் பலன் மெல்லத் தெரிந்தது. கட்டணம் நீங்கிய இரண்டாம் ஆண்டில் ஏழாம் வகுப்புத் தேர்வுக்கு வந்தவர்கள் மீண்டும் முப்பதை எட்டினர். அந்த வகுப்பினர் உயர்நிலைப் பள்ளி அணியின் முதுகெலும்பாக ஆனபோது, 2018 டிஸ்டிரிக்ட் அரையிறுதியில் அதே தனியார் பள்ளியிடம் ஐந்து செட்கள் ஆடித் தோற்றனர். 2019-இல் நான்கு செட்களில் வென்றனர். அடுத்து ரீஜனலில் வேறொரு தனியார் பள்ளியிடம் தோற்று வெளியேறினர். அந்தப் பள்ளியின் பட்டியலில் பெருக்கெண்ணுக்கு உட்பட்டவர்கள் பலர் இருந்தும், கணக்கு அவர்களை மூன்றாம் டிவிஷனிலேயே விட்டிருந்தது. 2019 வெற்றிக்கு விதி மாற்றம் காரணமல்ல என்பதை உறுதியாகச் சொல்லலாம், அந்த ஆட்டத்தில் மோதிய இரு அணிகளும் பழைய விதியிலும் அதே டிவிஷனில்தான் இருந்திருக்கும். விதி மாற்றம் பயனற்றது என்று இதனால் ஆகிவிடாது. மேலே போன நகரப் பள்ளியிடம் முன்பு தோற்றுவந்த அணிகளுக்கு அது உண்மையான நிவாரணம்.

மாற்ற வேண்டியவை

இதே நிலையில் இருக்கும் வேறொரு கல்வி மாவட்டம், எதிரணிப் பள்ளியிடம் விவரம் கேட்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளாமல் முதலில் செய்யலாம். தனியார் பள்ளி தன் பட்டியலைத் தயங்காமல் தந்தது. அதை நவம்பரிலேயே கேட்டிருந்தால் குளிர்காலம் முழுவதும் ஊரில் ஓடிய வதந்தி பாதியாகக் குறைந்திருக்கும்.

ஆள்பிடிப்பு, எல்லையின்மை, வசதி ஆகிய மூன்றும் ஒரே புகாராக முன்வைக்கப்பட்டதே இந்த நிகழ்வின் பெரிய சிக்கல். முதலாவதுக்குச் சான்றும் விசாரணையும் வேண்டும். இரண்டாவதுக்கு டிவிஷன் விதி மருந்தாகலாம். மூன்றாவது எந்தச் சங்கத்தின் கையிலும் இல்லை. அது கிளப் கட்டணத்திலும் சொத்து வரியிலும் இருக்கிறது, அரசுப் பள்ளிகளுக்கு இடையிலும் அதே அளவுக்கு இருக்கிறது. பூஸ்டர் கிளப் கூட்டத்தின் முதல் நாளிலேயே இந்த மூன்றையும் தனித்தனித் தாளில் எழுதி விவாதித்திருக்க வேண்டும்.

சங்கத்தின் விதியில், பட்டியல் கணக்குடன் இண்டியானாவைப் போன்ற வெற்றிக் காரணியும் சேர வேண்டும். நீண்ட காலமாக ஒரே கல்வி அமைப்பில் வளர்ந்த பிள்ளைகளைக் கொண்டு ஆண்டுதோறும் வெல்லும் அணியைப் பட்டியல் கணக்கு தொடுவதே இல்லை என்பதற்கு இந்த நிகழ்வே சான்று. வெற்றிக் காரணி அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்று பாராமல் அதைத் தொடும், வசதியான புறநகர்ப் பள்ளியையும் தொடும். தாத்தா பாட்டி வீட்டுக்கு வந்தவர் போன்று, குடும்பச் சூழலால் இடம்பெயரும் மாணவரைப் பெருக்கெண்ணிலிருந்து எளிதாக விலக்கும் வழியும் தேவை. 2023-இல் ஒஹாயோ, தனியார் பள்ளிக் கட்டணத்துக்குத் தரும் எட்சாய்ஸ் கல்வி உதவித்தொகையை எல்லா வருமானக் குடும்பங்களுக்கும் திறந்துவிட்டதால், தனியார் பள்ளிக்கு மாறுவது முன்னைவிட எளிது. 2024-இல் வாலிபால் டிவிஷன்கள் நான்கிலிருந்து ஏழாக உயர்ந்தன. 2014-இன் எண்களை இன்று அப்படியே எடுத்தாள்வது பொருந்தாது, ஒவ்வொரு மாவட்டமும் தன் பட்டியலைப் புதிதாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

கூட்டத்தில் பெயர் சொல்லப்பட்ட பெண்ணின் குடும்பத்துக்குக் கல்வி மாவட்டம் எதையும் எழுதவில்லை. புகார் கைவிடப்பட்டது என்ற செய்தி வாரியக் குறிப்பேட்டில் ஒரு வரியாக இடம்பெற்றது. குற்றச்சாட்டு எந்த அரங்கில் சொல்லப்பட்டதோ அந்த அரங்கில் அது திரும்பப் பெறப்படவில்லை. அந்தப் பெண் பட்டம் பெறும்வரை, நம் கூடத்துக்கு ஆட வந்த ஒவ்வொரு முறையும் பார்வையாளர் வரிசையிலிருந்து அவர் பெயர் சொல்லிக் கூச்சல் எழுந்தது. இத்தகைய குழு அமைக்கும் எந்த மாவட்டமும், விசாரணையில் ஒரு மாணவியின் மீது எதுவும் இல்லை என்று கண்டால், அதைக் குடும்பத்துக்கு எழுத்தில் தருவதையும், அடுத்த பொதுக் கூட்டத்தில் தலைவர் வாயாலேயே அறிவிப்பதையும் அறிக்கையின் கட்டாயப் பகுதியாக்க வேண்டும்.